கடைசிப் பெட்டியின் மௌனம்

அமெரிக்கச் சரக்குப் புகையிரதங்களின் வாலில் ஒரு காலத்தில் பெரும்பாலும் சிவப்பு வர்ணம் பூசப்பட்ட சிறிய பெட்டியொன்று இருந்தது. கபூஸ் என்பார்கள். எமது புகையிரதங்களின் கார்ட் பெட்டியை அறிந்தவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அதில் இருந்தவர்கள் முன்னே செல்லும் பெட்டிகளைக் கவனிப்பார்கள், பிறேக் குழாயின் அமுக்கத்தைப் பார்ப்பார்கள், ஆபத்து என்றால் பின்னாலிருந்தே வண்டியை நிறுத்துவார்கள். 1982 இல் தொழிற்சங்கத்துடன் ஏற்பட்ட இணக்கத்தின் பின்னர் கபூஸ் படிப்படியாக மறைந்தது. மனிதர்கள் இருந்த இடத்தில், கடைசிப் பெட்டியின் கொளுவியில் மாட்டப்படும் ஒரு வானொலிச் சாதனம் வந்தது.

செலவைக் குறைப்பதற்காக ஆட்களைக் குறைப்பது புதினமல்ல. பத்திரிகைத் தொழிலிலும் கண்டிருக்கிறோம். அந்த மனிதர்கள் செய்த வேலையைச் சாதனம் முழுமையாகப் பொறுப்பேற்றதா என்பதே எனது கேள்வி.

இதற்குப் பிறேக்கின் இயல்பை அறிய வேண்டும். ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1870களின் தொடக்கத்தில் வகுத்த முறையே இன்றும் அடிப்படை. வண்டி முழுவதும் ஓடும் குழாயில் காற்று அமுக்கி நிரப்பப்பட்டிருக்கும். அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல். சாரதி காற்றை வெளியேற்றினால் பிறேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் காற்று வெளியேறும், பிறேக் தானாகவே பிடிக்கும். அதாவது, முன்னுக்கும் பின்னுக்கும் தொடர்பு அற்றுப்போனால் அதை ஆபத்தாகக் கொண்டு வண்டி நின்றுவிடும். இந்த ஏற்பாட்டின் மேன்மை இதுதான்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. குழாய் அறாமல் இடையில் அடைபட்டால், அடைப்புக்குப் பின்னாலுள்ள பெட்டிகளுக்குச் சாரதியின் கட்டளை போய்ச் சேராது. 1996 பெப்ரவரி 1 ஆம் திகதி கலிபோர்னியாவின் கஹோன் கணவாய்ச் சரிவில் இதுவே நடந்தது. வண்டி கட்டுக்கடங்காது ஓடித் தடம்புரண்டு பணியாளர் இருவர் பலியாகினர். பின்னாலிருந்தும் காற்றைத் திறந்துவிடக்கூடிய இருவழிச் சாதனம் அவ்வண்டியில் இருந்தது. ஆனால் இயங்கும் நிலையில் இருக்கவில்லை. இத்தகைய சாதனங்களுக்கு விதிகள் வகுக்குமாறு அமெரிக்கக் காங்கிரஸ் 1992 இலேயே சட்டம் இயற்றியிருந்தது. பொதுவான கட்டாயம் நடைமுறைக்கு வந்ததோ 1997 ஜூலையில்தான்.

இருவழிச் சாதனம் வந்தபின் கதை முடிந்ததா? இல்லை.

2018 ஒக்டோபர் 4 ஆம் திகதி வயோமிங் மாநிலத்தின் கிரனைற் கன்யன் அருகே, சரிவில் இறங்கிய சரக்கு வண்டியொன்று நின்றிருந்த வண்டியின் பின்புறத்தில் மோதியது. மோதிய வண்டியின் பணியாளர் இருவரும் இறந்தனர். பிறேக் குழாயில் காற்றோட்டம் தடைப்பட்டிருந்தது. முன்னாலிருந்து அனுப்பப்பட்ட அவசரக் கட்டளைக்குப் பின்னாலிருந்த சாதனம் செயற்படவில்லை. அப்போதைய ஏற்பாட்டின்படி, கட்டளை பின்னால் சேர்கிறதா என்பது பத்து நிமிடங்களுக்கு ஒரு தடவையே சோதிக்கப்பட்டது. தொடர்பு அற்றுப்போனதைச் சாரதிக்கு அறிவிக்க 16 நிமிடம் 30 விநாடி வரை செல்லக்கூடும். மணிக்கு 50 மைல் வேகத்தில் அது 13 மைலுக்கும் அதிகமான தூரம்.

நான் வருந்துவது இவ்விடத்தில்தான். வெஸ்ரிங்ஹவுஸின் குழாய் மௌனத்தை ஆபத்தாகக் கொள்கிறது. அதற்குத் துணையாக வந்த வானொலியோ மௌனத்தைக் கால் மணித்தியாலத்துக்கும் மேலாகச் சகித்துக்கொண்டது. செய்தி ஆசிரிய பீடத்தில் ஒரு பிரதேச நிருபரிடமிருந்து வழமையான நேரத்தில் அழைப்பு வராவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டதில்லை. முதலில் அவரைத் தேடினோம்.

மலைகளிலும் சுரங்கங்களிலும் வானொலித் தொடர்பு அடிக்கடி அறும், ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்த முடியாது என்பார்கள். நியாயம்தான். பாரமான வண்டியைத் திடீரென நிறுத்துவதே தடம்புரளச் செய்யவும் கூடும். நிறுத்த வேண்டாம், சாரதிக்கு உடனே சொல்லலாமே. சரிவின் உச்சியில் அதை அறிந்த சாரதி இறங்குவதா என்று யோசிக்கலாம். பாதி வழியில் அறிந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மௌனத்துக்கு அப்பால் இன்னொரு விடயமும் இருக்கிறது. முன்னிருந்து பின்னுக்கு 452.9375 மெகாஹேர்ட்ஸ், பின்னிருந்து முன்னுக்கு 457.9375 மெகாஹேர்ட்ஸ் என்ற மீடிறன்களில் இச்சாதனங்கள் பேசுகின்றன. செய்தி சிதைந்துள்ளதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புக் கணக்கு உண்டு. அனுப்பியவர் யார் என்று பார்க்க எதுவும் இருக்கவில்லை. நீல் ஸ்மித் என்ற ஆய்வாளர் இக்குறையை 2012 இலேயே கண்டதாகக் கூறுகிறார். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகம் அதைப் பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது 2025 ஜூலையில். அந்நியர் ஒருவர் போலிக் கட்டளை அனுப்பிப் பிறேக்கைப் பிடிக்கச் செய்யலாம் என்றது அந்த எச்சரிக்கை.

இதைத் தொழில்நுட்பத் தாமதம் என்று சொல்ல என்னால் முடியாது. கபூஸை அகற்றியதால் மிஞ்சிய பணம் கொம்பனிகளின் கணக்கில் ஆண்டுதோறும் வரவாயிற்று. அதற்குப் பதிலாக வந்த சாதனத்தைச் செம்மைப்படுத்தும் செலவு மட்டும் ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட்டது. புதிய சாதனங்களுக்கும் புதிய தொடர்பு முறைக்கும் மாறும் பணி நடைபெறுவதாக 2025 இல் கூறப்பட்டது. அது முடியும் திகதியைத்தான் சாரதிகளின் தொழிற்சங்கங்கள் இப்போது எழுத்தில் கேட்க வேண்டும்.