நத்தையும் கறியும் வைத்து அனுப்பினார்கள்



போன சனிக்கிழமை கிள்ளானிலிருந்து அம்மாவைக் கொம்யூட்டரில் கூட்டி வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரல் நடைபாதை வழியாகத் தேசிய அருங்காட்சியகம் போனோம். வெயிலுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக உட்காரலாமே என்றுதான், வரலாறெல்லாம் அப்புறம்.

முதல் கூடத்திலேயே ‘பேராக் மனிதன்’. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்தோ குகையில், சுரைனா மஜிட் தலைமையிலான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த எலும்புக்கூடு. வயது பத்தாயிரம் ஆண்டுக்கு மேல். கால்களை மார்போடு மடக்கிப் புதைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கல் கருவிகள், கறித்துண்டுகளின் எலும்பு, ஆயிரக்கணக்கில் ஆற்று நத்தை ஓடுகள்.

இடது கையில் பிறவிக் குறை என்று நான் படித்துச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டார்.

“ஐம்பது வயசு வரைக்கும் இருந்திருக்காருங்கிற. வேட்டைக்குப் போக முடியாத கை. அப்போ யாரோ தினம் சோறு போட்டிருக்காங்க.”

சோறு ஏது அப்போது என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நத்தை ஓடுகளைப் பற்றிக் கேட்டதற்கும், “அவருக்குப் பிடிச்சதா இருக்கும், அப்பாவுக்கு நாம சுருட்டு வைக்கல?” என்றார்.

அதே பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் இன்னும் பழசு. ஏரிக்கரையில் உட்கார்ந்து கல் கருவி செய்த பட்டறை அது. அடிகல், சுத்தியல் கல், சில்லுகள் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன, அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு ஓடிய வீடு மாதிரி. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்த சாம்பல் அங்கே படிந்திருக்கிறது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை அந்தச் சாம்பல் போயிருக்கிறது! 2012இல் யுனெஸ்கோ லெங்கோங்கை உலகப் பாரம்பரியத் தலமாக்கியது. ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே வண்டியை விட்டால் பார்த்துவிடலாம்.

திரும்பும் ரயிலில் அம்மா தோட்டத்துக் கதை தொடங்கினார்: மழை விட்ட காலையில் ரப்பர் மரத்தடியில் காளான், அல்லூரில் பிடித்த மீன், ஓடையோரம் கிள்ளிய பாக்குக் கீரை. ஷா ஆலம் தாண்டியும் பட்டியல் முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காட்டில் எதையெல்லாம் பறித்தார்கள், பிடித்தார்கள்? கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்