ஆபீஸ் பெண்ணுக்கு ஒரு நியாயம், வேலைக்கு வரும் அக்காவுக்கு வேறு நியாயமா?

வேலையில் சேர்ந்ததும் ‘போஷ்’ பயிற்சி என்று ஒரு வீடியோ பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. தாராவியிலிருந்து செம்பூர் ஃப்ளாட்டுகளுக்குச் சமைக்க, துடைக்க வரும் தமிழ்ப் பெண்களுக்கும் அதே சட்டம்தான். ஆனால் அதே பாதுகாப்பு கிடையாது. ஏன்?

என்ன வித்தியாசம்?

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகக் குழு கட்டாயம். நீங்கள் புகார் கொடுத்தால் அது விசாரிக்கும். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம்.

வீட்டையும் பணியிடம் என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் வீட்டுப் பணியாளர், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். முகாந்திரம் இருந்தால் 7 நாட்களுக்குள் புகாரை போலீசுக்கு அனுப்பு என்கிறது பிரிவு 11. குழு விசாரணை இல்லை. அதனால் இடைக்கால விடுப்பும் இல்லை. நேராக ஸ்டேஷன்தான். ‘நகையைக் காணோம்’ என்று எதிர்ப்புகார் வந்துவிடுமோ என்று பயப்படும் ஒருவருக்கு, இது எப்படிப்பட்ட வழி?

இன்னொரு சிக்கல்: தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். சயானைத் தாண்டினால் குழுவே வேறு.

பெண்ணியச் சட்டக் கோட்பாடு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். இனப் பாகுபாடு என்று சொல்லுங்கள், இல்லை பாலினப் பாகுபாடு என்று சொல்லுங்கள், ரெண்டையும் சேர்க்க முடியாது என்றது 1976 தீர்ப்பு. இதைச் சுட்டிக்காட்டித்தான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற கருத்தை முன்வைத்தார். நாலு ரோடு சந்திக்கும் சிக்னலில் அடிபட்டவரிடம், எந்த ரோட்டு வண்டி இடித்தது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் எப்படி? சாதி, வர்க்கம், பாலினம் எல்லாம் ஒரே உடம்பில்தான் மோதுகின்றன. ‘பெண்’ என்று பொதுவாக எழுதும் சட்டம், வசதியுள்ள பெண்ணையே மனதில் வைத்துவிடுகிறது.

போஷ் சட்டத்தின் வேரே இதற்குச் சாட்சி. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, 1992-ல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்தார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. அந்தச் சம்பவத்தை ஒட்டி எழுந்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளைத் தந்தது. வயலிலும் தெருவிலும் வேலை பார்த்த ஒரு குயவர் சமூகப் பெண்ணின் வலியிலிருந்து பிறந்த சட்டம், கடைசியில் ஏசி அறைக்கே அதிகம் பொருந்திப்போனது.

நீங்கள் என்ன செய்யலாம்?

சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. இதை உங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் தமிழில் சொல்லுங்கள். அவருக்கு யாரும் அந்தப் பயிற்சி வீடியோவைக் காட்டியிருக்க மாட்டார்கள்.