பியானோ கரகரக்கிறதா?

டிஜிட்டல் பியானோ இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. சுருதி சேர்க்கிற வேலை இல்லை. இடத்தையும் அதிகம் அடைப்பதில்லை. ஆனால் திடீரென்று ஒரு நாள் 'கர்ர்' என்று சத்தம் வந்தால்தான் கஷ்டம்.

"அக்கா, ரெண்டு நாளா கரகரங்குது. 'எனக்கு வாசிக்கவே வரலைம்மா'ன்னு பொண்ணு அழுறா. கிளாஸை நிறுத்திடலாமான்னு அவங்க அப்பா கேக்குறாரு" என்றார் எங்கள் தெருச் சகோதரி ஒருவர். கோளாறு கருவியிலா, குழந்தையின் விரலிலா என்பதை மெக்கானிக் வருமுன் நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேளுங்கள். அதில் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் குறை ஸ்பீக்கர் பக்கம்தான். அதிலும் கரகரத்தால் கருவியோடு வந்த அடாப்டர்தானா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், உள்ளே பழுது, மெக்கானிக் வேலை.

அடுத்து, சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். 88 கட்டைப் பியானோவில் இடது கோடிக் கட்டையின் அதிர்வு நொடிக்கு 27.5 தான். அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கரால் உரக்கத் தர முடியாது, திணறும். குறைத்ததும் தெளிந்தால், எதுவும் கெடவில்லை என்று நிம்மதியாக இருங்கள்.

பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு கட்டைக்கு மட்டும் கரகரத்தால், பக்கத்தில் ஏதோ பொருள் கூடவே அதிர்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் சொந்த அதிர்வு உண்டு. அதே ஒலி வந்தால் அதுவும் நடுங்கும். எங்கள் விருத்தாசலமோ பீங்கான் ஊர். பொம்மையும் ஜாடியும் இல்லாத வீடு ஏது! அந்தச் சகோதரி வீட்டில் பியானோ மேல் மூடி போட்ட பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. மூடியை எடுத்தோம், சத்தம் நின்றது. "அப்போ நான் தப்பா வாசிக்கலியா?" என்றாள் குழந்தை. அன்று அவளை எழுப்பவே முடியவில்லை!

மேலே ஒன்றும் இல்லையா? ஸ்டாண்டின் திருகுகள், ஜன்னல் கண்ணாடி, சுவர்ப் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள்.

சத்தத்தைக் குறைத்தும் எல்லாக் கட்டையும் கரகரத்தால், ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்தோ விளிம்பு விட்டோ இருக்கலாம். எந்தப் பக்கம் என்று காதை வைத்துக் கேட்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "ஸ்பீக்கரை மட்டும் மாத்தினா போதுமா?" என்று கேட்க மறக்காதீர்கள். மாற்றினால், பழையதில் உள்ள ஓம், வாட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். நீங்களாகப் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் ரிப்பேர் ஆகும்வரை ஹெட்ஃபோனில் பழகட்டும் என்று விடும்போது, சத்தத்தை நீங்களே குறைத்து வையுங்கள். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரமும் குறைய வேண்டும். ஸ்பீக்கரை மாற்றிக்கொள்ளலாம், காதை மாற்ற முடியாதே!