பாதி சிகிச்சை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது

இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. வளர வளர நின்றுவிடும். இங்கே பேசுவது முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த பிள்ளைகளைப் பற்றி. சிறுநீர்ப்பையின் நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யாததால் பகலிலும் கசியும். அதைவிடக் கொடுமை, பை காலியாகாமல் அழுத்தம் ஏறினால் சிறுநீரகமே கெட்டுப்போகும்.

இவர்களுக்கும் முதல் வழி கத்தி அல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கதீட்டர் குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் முன்வைத்த இந்த எளிய முறை எத்தனையோ சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதுவும் மருந்தும் போதாதபோதுதான் அறுவை. பை சுருங்கி இறுகியிருந்தால் குடலின் ஒரு துண்டை வைத்துத் தைத்துப் பெரிதாக்குவார்கள். பையின் வாய் தளர்ந்திருந்தால் இறுக்குவார்கள். பிரான்சு மருத்துவர் பால் மித்ரோஃபனோஃப் 1980இல் வெளியிட்ட முறையில், குடல்வாலைக் கொண்டு வயிற்றுத் தோலிலிருந்து பைக்கு ஒரு சிறு பாதை அமைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி, இன்னொருவர் கையை எதிர்பாராமல், தொப்புள் வழியாகத் தானே குழாய் செலுத்திக்கொள்ளலாம். அந்தத் தன்மானத்துக்காகவே இந்த அறுவையைப் போற்ற வேண்டும்.

ஆனால் பெற்றோரிடம் ஒன்றை முன்பே சொல்லியாக வேண்டும். குடல் வைத்துத் தைத்த பிறகு பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் கதீட்டர் தேவை. குடல் சுரக்கும் சளியைக் கழுவ வேண்டும், கல் சேரலாம். நேரம் தவறி நிரம்பினால் பை கிழியும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளை படிக்கும் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லையென்றால் என்ன ஆகும்? தண்ணீர் குடிக்காமல் இருக்கும். மாலைவரை அடக்கி வைக்கும். அறுவை அரங்கில் பல மணி நேரம் நின்று செய்த வேலை அங்கே வீணாகிறது.

இதை மருத்துவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வகுப்பு நடுவே எழுந்து போகும் பிள்ளையை ஆசிரியர் காரணம் கேட்டு நிறுத்தக் கூடாது. அரசு உதவி அறுவையோடு நிற்காமல், கதீட்டருக்கும் நீள வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர்ப் பால் ஒவ்வாமை அதிகம் என்பதால் அது கலக்காத குழாயே தர வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது அவரவர் வீட்டின் வேலை.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, கழிப்பறைத் தாழ்ப்பாளையும் தண்ணீரையும் முதல் பொருளாக எடுத்துப் பேசுங்கள்.