சில்லறை எண்ணும் மெஷின் சொல்வதுதான் கணக்கா? காசு வேட்டைக்காரர்கள் எழுப்பும் கேள்வி

வங்கியின் சில்லறை எண்ணும் மெஷினில் உண்டியல் காசைக் கொட்டுகிறார் ஒருவர். கடகடவென்று சத்தம், அரை நிமிடத்தில் ஒரு ரசீது. 76 டாலர் என்று இருக்கிறது. அவரும் சந்தோஷமாகப் போய்விடுகிறார். உண்மையில் கொட்டியது 80 டாலராக இருந்தால்? அது அவருக்குக் கடைசி வரை தெரியப்போவதே இல்லை. எண்ணச் சோம்பல்பட்டுத்தானே மெஷினிடம் வந்தார்!

ஆனால் அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. மெஷினில் போடும் முன்பே எத்தனை காசு என்று கடைசி சென்ட் வரை தெரிந்தவர்கள் இவர்கள். ‘காயின் ரோல் ஹன்டிங்’ என்ற பொழுதுபோக்கில் இறங்கியிருக்கும் காசு வேட்டைக்காரர்கள். இவர்களை வங்கிகள் தொல்லை பிடித்த வாடிக்கையாளர்களாகப் பார்க்கின்றன. அந்த மெஷின்களுக்குக் கிடைத்திருக்கும் சம்பளமில்லாத ஆடிட்டர்களாகத்தான் இவர்களைப் பார்க்க வேண்டும்.

அது என்ன காசு வேட்டை?

1964 வரை அச்சான அமெரிக்கப் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. அரை டாலரில் மட்டும் 1965 முதல் 1970 வரை 40 சதவீத வெள்ளி தொடர்ந்தது. அதற்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தவை செம்பு, நிக்கல் கலவைதான். பழைய வெள்ளிக் காசுகளில் சில இன்னும் வங்கி ரோல்களுக்குள் தப்பிக் கிடக்கின்றன. அவற்றின் மதிப்பு முகமதிப்பைப் போலப் பல மடங்கு.

வேட்டைக்காரர் வங்கிக்குப் போய் ஒரு பெட்டி அரை டாலர் வாங்குவார். ரோலுக்கு 20 காசு, பெட்டிக்கு 50 ரோல். ஆக 1,000 காசு, 500 டாலர். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். வெள்ளி கிடைத்தால் எடுத்துக்கொண்டு, மீதியை வேறொரு வங்கியில் கொண்டுபோய்க் கொட்டுவார். அங்கேதான் எண்ணும் மெஷின் வருகிறது.

பெட்டியில் ஆறு வெள்ளிக் காசு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 994. மெஷின் 497 டாலர் காட்ட வேண்டும். 495.50 என்று காட்டினால் மூன்று காசு காணோம். உண்டியல்காரருக்கு வராத சந்தேகம் இவருக்கு உடனே வந்துவிடும்.

காசு எங்கே காணாமல் போகிறது?

மெஷின் திருடுகிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணங்கள் புரியும்.

பல மெஷின்களில் ஒரு தட்டு வேகமாகச் சுழல்கிறது. காசுகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வரிசையாக ஓடுகின்றன. விட்டத்தை வைத்து எது எந்த மதிப்பு என்று பிரிக்கப்படுகிறது. பத்து சென்ட் காசின் விட்டம் 17.91 மில்லிமீட்டர். ஒரு சென்ட் 19.05. ஐந்து சென்ட் 21.21. கால் டாலர் 24.26. அரை டாலர் 30.61. பத்து சென்டுக்கும் ஒரு சென்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். பிசுக்கு, தூசி, வளைந்த ஓரம் எதுவும் இந்த ஓட்டத்தைக் கெடுக்கலாம். கூடவே ஒரு பேப்பர் கிளிப் விழுந்தாலும் போதும், காசு சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு வகை மெஷின்களில் மின்காந்த சென்சார் இருக்கும். காசு கடந்து போகும்போது அதன் உலோகக் கலவையையும் சேர்த்துப் பார்க்கும். தெரிந்த கலவை என்றால் உள்ளே. தெரியாதது என்றால் வெளியே, ரிஜெக்ட் தட்டில்.

வேட்டைக்காரர்களுக்கு இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். வெள்ளிக் கால் டாலரும் இன்றைய கால் டாலரும் விட்டத்தில் ஒன்றுதான். எடைதான் வேறு: வெள்ளி 6.25 கிராம், இப்போதையது 5.67 கிராம். விட்டத்தை மட்டும் பார்க்கும் மெஷின் வெள்ளியைச் சாதாரண 25 சென்டாக எண்ணி விழுங்கிவிடும். சென்சார் மெஷினோ பெரும்பாலும் அதை வெளியே துப்பிவிடும். சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் மெஷின்களின் ரிஜெக்ட் தட்டைப் பலர் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போவது இதனால்தான். யாரோ ஒருவர் “செல்லாத காசு” என்று விட்டுப்போனது சில நேரம் வெள்ளியாக இருக்கும்.

கடைகளில் மெஷின் வைத்திருக்கும் காயின்ஸ்டார் நிறுவனமே தன் மெஷின் எதையெல்லாம் எடுக்காது என்று ஒரு பட்டியல் தருகிறது. 1943-ம் வருட எஃகு சென்ட் அதில் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருடம் எஃகில் அடித்த காசு அது. ஆக, ‘எண்ண முடியவில்லை’ என்பதும் ஒருவிதத் தகவல்தான். அந்தத் தகவல் வாடிக்கையாளரின் கைக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் பிரச்சினை.

பென்னி ஆர்கேட் கதை

அமெரிக்காவின் டிடி வங்கி தன் கிளைகளில் ‘பென்னி ஆர்கேட்’ என்ற பெயரில் எண்ணும் மெஷின்களை வைத்திருந்தது. குழந்தைகளைக் கவரும் வண்ணங்கள், எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் விளையாட்டு. 2016 ஏப்ரலில் என்பிசி தொலைக்காட்சியின் ‘டுடே’ நிகழ்ச்சி ஒரு சோதனை செய்தது. சரியாக 300 டாலரை எண்ணி எடுத்துக்கொண்டுபோய் மெஷின்களில் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு மெஷின் 43 டாலர் குறைத்துக் காட்டியது.

விஷயம் வெளியே வந்ததும் வங்கி மெஷின்களை நிறுத்தியது. அடுத்த மாதமே நிரந்தரமாக எடுத்துவிடுவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் தொடர்ந்த வழக்கு 75 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு விஞ்ஞானியோ, ஆய்வகமோ தேவைப்படவில்லை. எண்ணிக்கை தெரிந்த காசைக் கொட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். காசு வேட்டைக்காரர்கள் வாராவாரம் செய்வதும் இதையேதான். அவர்கள் கவுன்ட்டரில் போய் “மூன்று காசு குறைகிறது” என்று சொல்லும்போது யாராவது காது கொடுத்திருந்தால், ஒரு டிவி கேமரா வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூணு காசுதானே, விடுங்க!

விடலாமா? 994-ல் மூன்று குறைந்தால் மெஷினின் துல்லியம் 99.7 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே துல்லியத்தில் பத்து லட்சம் டாலர் சில்லறை எண்ணப்பட்டால் 3,000 டாலர் கணக்கில் வராது. ஒருவரின் இழப்பு ஒன்றரை டாலர். அதற்காக யாரும் வக்கீல் வைக்க மாட்டார்கள். யாரும் கேட்காததால் யாரும் சரிசெய்வதும் இல்லை.

தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே சிக்கிய காசு, போட்டவரின் கணக்கில் சேராது. பிறகு அது நழுவி விழுந்தால் அடுத்தவர் கணக்கில் சேரலாம், அல்லது சர்வீஸ் செய்யத் திறக்கும்போது அடியில் கிடக்கலாம். யாருடையது என்று சொல்ல வழியில்லை. காசில் பெயர் எழுதியா இருக்கிறது?

இது பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. சில்லறையைச் சேர்த்துக் கொண்டுவருபவர்கள் யார்? உண்டியல் வைத்திருக்கும் குழந்தைகள், டிப்ஸ் வாங்கும் ஊழியர்கள், மாதக் கடைசியில் டப்பாவைக் கவிழ்க்கும் குடும்பங்கள். இவர்களுக்கு நாலு டாலர் பெரிது. 2025 நவம்பர் 12-ல் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு அடிக்கப்பட்டுவிட்டது. காசு இன்னும் செல்லும். ஆனாலும் வீட்டில் கிடக்கும் சென்டுகளைக் கொண்டுவந்து கொட்ட இது இன்னொரு காரணம்.

வங்கி தரப்பு நியாயம் என்ன?

இல்லாமல் இல்லை. சில்லறையைக் கையாள்வது செலவு பிடித்த வேலை. மெஷின், பை, வண்டி, ஆள் என்று எல்லாவற்றுக்கும் காசு. வேட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பெட்டி பெட்டியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வங்கிக்கு இதில் பத்து பைசா லாபம் கிடையாது. அவர்கள் சொல்லும் கணக்கும் எப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்கிய ரோலிலேயே 20-க்குப் பதில் 19 இருந்திருக்கலாம். கையால் சுற்றிய ரோல்களில் இது நடக்கும்.

ஆனால் “தலைவலியே வேண்டாம், மெஷினையே தூக்கிவிடுவோம்” என்பது தீர்வாகாது. அப்படித் தூக்கினால் மக்கள் போவது கமிஷன் பிடிக்கும் கடை மெஷினிடம்தான். அங்கே குறைவது மூன்று காசு இல்லை, நூற்றுக்கு இத்தனை என்று கட்டணமே உண்டு.

செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள். ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இல்லாமல், எந்தக் காசு எத்தனை என்று தனித்தனியாக வர வேண்டும். எத்தனை காசு ரிஜெக்ட் ஆனது என்பதும் வர வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணிக்கை தெரிந்த ஒரு பை காசைப் போட்டுச் சோதித்து, தேதியையும் முடிவையும் மெஷின் மீதே ஒட்ட வேண்டும். புகார் வந்தால் மெஷினின் கணக்கையும் பையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் அளவு ஜாடியில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க முடிகிறதே, அந்த உரிமை சில்லறைக்கு மட்டும் ஏன் கூடாது?

வேட்டைக்காரர்கள் செய்ய வேண்டியது

உரிமை கேட்பவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். வாங்கிய உடனே ரோலைப் பிரித்து எண்ண வேண்டும். கொட்டும் முன் மறுபடி எண்ண வேண்டும். பிசுக்குக் காசு, வளைந்த காசு, வெளிநாட்டுக் காசு எல்லாவற்றையும் தனியே எடுத்துவிட வேண்டும். கனடாவின் பழைய ஒரு சென்ட் காசும் அதே 19.05 மில்லிமீட்டர்தான் என்பதை மறக்கக் கூடாது. மெஷினில் மொத்தமாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சிக்கல் குறையும். ரிஜெக்ட் தட்டைப் பார்த்துவிட்டு ரசீதை வாங்க வேண்டும். வித்தியாசம் வந்தால் அந்த இடத்திலேயே, அடுத்த ஆள் கொட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். தேதி, கிளை, போட்ட எண்ணிக்கை, காட்டிய எண்ணிக்கை என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். ஒருமுறை குறைந்தால் அது தற்செயல். அதே மெஷினில் பத்து முறையும் குறைந்தால் அது ஆதாரம்.

நம்ம ஊரில்?

இங்கே சில்லறையை எண்ணுவதற்குப் பதில் எடை போடும் வழியும் உண்டு. 1 ரூபாய், 2 ரூபாய் காசுகளை எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம், நூறு நூறாகப் பாலிதீன் பையில் கொடுத்தால் வசதி என்பது வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். தராசு பொய் சொல்லாதுதான். ஆனால் 2011-ல் வந்த 1 ரூபாய் 3.79 கிராம். அதற்கு முந்தைய எஃகு 1 ரூபாய் 4.85 கிராம். ஆயிரம் புதிய காசைப் பழைய காசின் எடையை வைத்துக் கணக்கிட்டால் 781 என்றுதான் வரும். வகை பிரிக்காமல் எடை போட்டால் தராசும் தப்புக் கணக்குதான் சொல்லும். கொடுக்கும் முன் கையால் எண்ணிக்கொண்டு போவது இங்கேயும் நல்லது.

நோட்டை எண்ணும் கேஷியர், வாங்கியவர் கண்ணெதிரே இன்னொரு முறை எண்ணிக் காட்டுவார். அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. சில்லறை மெஷினிடமும் அதே மரியாதையை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. மூன்று காசுக்காகக் கவுன்ட்டரில் நிற்கும் அந்த ஆளைப் பார்த்து வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்கலாம். தங்கள் டப்பாவில் எத்தனை காசு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் எண்ணி வைத்திருக்கிறார்.