குளியலறை விளக்கும் சுவரின் ஈரமும்

வீட்டிலே அடிக்கடி பழுதாகும் விளக்கு எதுவென்று கேட்டால், குளியலறை விளக்கு என்றே பலரும் கூறுவர். குமிழை மாற்றுகிறோம், சில மாதங்களில் அதுவும் மினுங்கத் தொடங்குகிறது. தாங்கியை மாற்றுகிறோம், அதன் பித்தளை முனைகளிலும் பச்சை படிகிறது. குற்றம் குமிழிலா தாங்கியிலா என்று ஆராயுமுன், சுவரைத் தொட்டுப் பார்த்தல் நன்று.

நுவரெலியா, ஹற்றன் போன்ற குளிர்ந்த ஊர்களில் வெந்நீரின்றிக் குளித்தல் அரிது. 40 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 51 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையிலோ 13 கிராமையே தாங்கவல்லது. எஞ்சிய நீர் எங்கே போகும்? குளிர்ந்த சுவரிலும், மேல்தட்டிலும், விளக்கின் உட்புறத்திலும் துளியாகப் படியும். மாணவர்கள் விஞ்ஞான வகுப்பிலே படிக்கும் ஒடுக்கம் இதுவே. பழைய இழைக்குமிழ் தன் சூட்டினால் ஈரத்தை ஓரளவு உலர்த்தியது. இன்றைய எல்.இ.டி. விளக்கு அத்துணைச் சூடாவதில்லை. ஆதலால் உள்ளே புகுந்த ஈரம் தங்கி, நுண்ணிய உறுப்புகளை அரித்துவிடுகிறது.

புதிய விளக்கை வாங்கும்போது அழகை மட்டும் பாராது, பெட்டியிலுள்ள ஐ.பி. எண்ணையும் பாருங்கள். அதன் இரண்டாம் இலக்கம் நீரைத் தடுக்கும் ஆற்றலைக் குறிப்பது. 4 என்றால் எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும், 5 என்றால் பீச்சியடிக்கும் நீரையும் தாங்கும். குளிக்குமிடத்துக்கு அண்மையில் 4க்குக் குறைந்தது வேண்டாம். எண் பெரிதாயினும், மூடியின் றப்பர் வளையம் ஒழுங்காகப் பொருந்தாவிடிற் பயனில்லை. கம்பி நுழையும் துவாரத்தையும் அடைத்தல் வேண்டும். இன்றேல் ஆவி மேல்தட்டுக்குள் ஏறிவிடும்.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தி. நனைந்த தோல் மின்னை எளிதிற் கடத்தும். ஆளியை அணைத்துவிட்டோம் என்று நம்பி விளக்கைக் கழற்றுதல் தகாது. ஆளியைத் தவறான கம்பியிற் பொருத்தியிருந்தால், அணைத்த பின்னும் தாங்கியில் மின் நிற்கும். பிரதான ஆளியையே அணைத்து, வீட்டிலுள்ளோர் யாவருக்கும் அறிவித்துவிடுங்கள். கம்பியின் உறை பொடியாய் உதிர்ந்தால், அல்லது புவித்தொடுப்புக் கம்பி காணப்படாவிட்டால், வேலையை அங்கேயே நிறுத்தித் தகைமை பெற்ற மின்னிணைப்பாளரை அழையுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று.

30 மில்லி அம்பியர் மின்னொழுக்கில் இணைப்பைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் அவசியம். மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எனினும் ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டால், நிலத்துக்கு மின் ஒழுகாதபடியால், அது காப்பாற்றாமற் போகலாம்.

நீராவியைக் குறைக்கச் செலவற்ற வழிகளும் உண்டு. வாளியில் முதலிலே தண்ணீரையும், பின்பு வெந்நீரையும் ஊற்றுங்கள். ஆவி குறையும், குழந்தைகள் கைவிட்டால் வெந்துபோகும் அபாயமும் குறையும். குளிக்கும்போது வீட்டுப்பக்கக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க யன்னலைத் திறந்து வையுங்கள். மழைநாளில் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று சிலர் ஐயுறுவர். வெளியிலுள்ள குளிர்காற்றில் நீராவி குறைவே. அது உள்ளே வந்து சூடேறியதும் ஈரத்தை உறிஞ்சிச் செல்லும். விசிறி பொருத்தியிருந்தால், குளித்தபின் இருபது நிமிடமாவது ஓடவிடுங்கள். கதவின் அடியில் சிறிது இடைவெளி இல்லாவிட்டால், இழுப்பதற்குக் காற்றின்றி விசிறி வீணே சுழலும். சுவரைத் துடைத்துவிடுங்கள், ஈரத்துணியை உள்ளே உலரப் போடாதீர்கள். கரும்பூஞ்சணம் தோன்றாது, இருமல், இழுப்பு உள்ளோருக்கும் நலமாகும்.

சுவர் உலர்ந்த வீட்டில் விளக்கு நெடுநாள் எரியும். ஆதலால் முதலில் ஈரத்தை அகற்றுவோம். விளக்கை அதன்பின் மாற்றுவோம்.