எதிரே இருப்பவரின் மனக்கணக்கு



எதிராளியின் மனதில் ஓடுவதைக் கண்டுபிடித்து அவரை நம் வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கண்ணைப் பார், கையைப் பார், பலவீனத்தைப் பிடி என்பதுதான் அவற்றின் பாடம். அவற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் காமராஜர் நினைவுக்கு வருகிறார். ஆள் அறிவதில் அவர் மன்னர். ஆனால் அவர் அறிந்த விதமே வேறு.

1954-ல் சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். அந்தப் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்று முதலமைச்சரான காமராஜர் இருவரையும் அமைச்சர்களாக்கினார். நிதி, கல்வி இரண்டையும் சுப்பிரமணியத்தின் கையிலேயே கொடுத்தார். எதிர்த்து நின்றவருக்குள் இருந்தது பகையல்ல, வேலை செய்யும் வேட்கை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காமராஜருக்குப் பழிவாங்கும் மனம் இருந்திருந்தால் அந்த வேட்கை கண்ணில் பட்டிருக்காது.

பத்தாண்டு கழித்து, 1964 மே 27-ல் நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார்? காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் காரியக் கமிட்டி உறுப்பினர்கள், முதலமைச்சர்கள், எம்.பி.க்கள் என்று வரிசையாகச் சந்தித்தார். கேட்டது அதிகம், பேசியது குறைவு. அவர் மனம் லால் பகதூர் சாஸ்திரி பக்கம் என்பதை டெல்லி ஊகித்திருந்தது. ஆனாலும் வந்தவர்களிடம் அவர் தன் கருத்தைத் திணிக்கவில்லை. வாயைத் திறக்காமல் காது கொடுப்பவரிடம் மனிதர்கள் தாமாகவே மனதைக் கொட்டிவிடுவார்கள். ஜூன் 2-ல் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். அந்தப் பெயரை வழிமொழிந்தவர் யார் தெரியுமா? அதே பதவிக்கு ஆசைப்பட்ட மொரார்ஜி தேசாய்!

அப்படிப்பட்டவரின் கணக்கும் ஒருமுறை பிசகியது. 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோது, மொரார்ஜி வந்துவிடக் கூடாது என்பதே காமராஜருக்கும் மற்ற மூத்த தலைவர்களுக்கும் பெரிய கவலை. அவர்கள் ஆதரவோடு நின்ற இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169 என்று வாக்குகள் விழுந்தன. அதிகம் பேசாத இந்திரா தங்கள் சொல்படி நடப்பார் என்று மூத்தவர்கள் நம்பினார்கள். அந்த மௌனத்துக்குள் இருந்த உறுதியை அவர்கள் பார்க்கவில்லை. 1969-ல் கட்சி இரண்டாக உடைந்தது; காமராஜரும் இந்திராவும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்.

ஏன் பிசகியது? என் கணிப்பைச் சொல்கிறேன். 1954-ல் அவர் எதிரே இருப்பவரின் தேவையைப் பார்த்தார். 1966-ல் மொரார்ஜியைத் தடுக்கும் தன் தேவை முன்னால் வந்து நின்றுவிட்டது. நமக்கு ஒன்று வேண்டியிருக்கும்போது, அடுத்தவர் முகத்தில் நமக்குப் பிடித்ததைத்தான் படிக்கிறோம். அலுவலகத்திலும் சங்கத் தேர்தலிலும் வீட்டுச் சொத்துப் பேச்சிலும் இதைப் பார்க்கிறேன். ஆள் பிடிக்கும் தந்திரப் புத்தகங்களில் இந்த எச்சரிக்கை எங்குமே கண்ணில் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

காமராஜரை நேரில் பார்த்த, அவரிடம் மனுக் கொடுத்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசியபோது அவர் எப்படிக் கேட்டார், என்ன பதில் சொன்னார் என்று விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றைப் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்